கடைக்குட்டி சொன்ன ஒரு வரி

அத்தியாயம் 14

காவலாளி இறந்துவிட்டார் என்ற செய்தி காலை ஏழே காலுக்கு வந்தது.

ஐந்து நாளாக மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்த மனிதர். சரக்குக் கிடங்கின் ஏற்றுமேடையிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டவர். அவர் ஒரே ஒரு தடவை கண் விழித்து, "என்னைத் தள்ளியது இந்தப் பையன் இல்லை" என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் இந்த வீடு ஐந்து நாளாகக் காத்திருந்தது. அந்த வழியும் அடைபட்டது.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அக்காவையும் தம்பியையும் இந்தக் குடும்பத்தில் பெரியவள், சின்னவன் என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு நாற்பத்தாறும் அவனுக்கு முப்பத்து மூன்றும் ஆன பிறகும் அது மாறவில்லை. பெரியவள் இன்ஜினியர். அவளும் அவள் கணவரும் சேர்ந்து ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, ஒரு கேமராவில் மறைந்த ஆளை அடுத்த கேமராவில் பிடித்து, அவர் வெளியே போகும்வரை விடாமல் பின்தொடரும். சின்னவன் வண்டி ஓட்டுகிற சரக்குக் கிடங்கில் அதைத்தான் மாட்டியிருந்தார்கள். காவலாளி விழுந்த மாலையில், 417 என்ற எண்காரன் மேடைப் படியில் ஏறி இறங்கினான் என்று அது எழுதிக் கொடுத்தது. 417 சின்னவன். முந்தின நாள்தான், தாமதமாக வந்ததைக் குறித்துவைத்த காவலாளியோடு அவன் வாய்ச்சண்டை போட்டிருந்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

ஆக, அக்கா செய்த இயந்திரம் தம்பியைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

போனை வைத்துவிட்டுப் பெரியவள் கூடத்துக்கு வந்தபோது, தையல் மிஷின் சத்தம் நின்றது. சின்னவனின் மனைவி தையல்காரி. கணவனைப் பிடித்துக்கொண்டு போன அன்று மிஷினையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவள், இந்த ஐந்து நாளில் நாத்தனாரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள்.

இன்றைக்குத் திரும்பி முகத்தைப் பார்த்தாள்.

"போயிட்டாரா?"

"ம்."

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க மிஷின் தப்பே பண்ணாதா?"

"மூணு கம்ப்யூட்டர் தனித்தனியா பாக்குது. அதுல ஒண்ணு தப்புப் பண்ணாலும் மத்த ரெண்டும்..."

"அதெல்லாம் பேப்பர்ல போட்டிருந்தான், படிச்சேன். நான் கேட்டது அது இல்ல. பண்ணாதா?"

பெரியவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மணிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி பட்டறைக்குப் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"அஞ்சு நாளா பாக்கலையா?"

படங்களை முதல் நாளே போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது, வக்கீல் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மை வேறு. தன் தம்பி அதைச் செய்திருப்பான் என்று அவள் பாதிக்குமேல் நம்பிவிட்டாள். அவனுக்கு எட்டு வயதானதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. மூக்கு நுனியில் கோபம். ஒரு தள்ளு தள்ளியிருப்பான், விளைவு இப்படி ஆகும் என்று நினைத்திருக்க மாட்டான் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதி முடித்திருந்தாள். தான் செய்த மிஷினை நம்பிய அளவுக்குத் தான் வளர்த்தவனை நம்பவில்லை. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

"வரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறை என்பது பெயர்தான். நாலு தெரு தள்ளி, பழைய அச்சகம் ஒன்றின் பின்கட்டு. முன் அறையில் பிரித்துப் போட்ட கேமராக்களும் ஒயர் சுருள்களும், உட்கார இடமில்லாமல். உள் அறையில்தான் மூன்று கம்ப்யூட்டர்களும் இருந்தன. கிடங்கிலிருந்து படங்கள் கம்பி வழியாக அங்கே வந்து சேரும். அந்த அறைக்கு ஒரே சாவி, அது அவள் கணவரிடம்.

அவர் விடியும்போதே வந்துவிட்டிருந்தார். முகத்தில் ஐந்து நாள் தாடி. மச்சானை நினைத்து உருகுகிறார் என்று பெரியவள் நேற்றுகூடப் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

"செய்தி வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. உள்ள கொஞ்சம் திறந்து விடுங்க."

"உள்ள என்ன இருக்கு? படமெல்லாம்தான் போயிருச்சே."

"சும்மா ஒரு தடவை பாக்கறேன்."

"வக்கீல் தொடாதன்னு சொன்னாரு."

"தொடலை. பாக்கறேன்."

அவர் சாவியைத் தேடுகிறவர்போல் எல்லாப் பையிலும் தேடினார். கடைசியில் அது எப்போதும் இருக்கிற சட்டைப்பையிலேயே இருந்தது.

மூன்று கம்ப்யூட்டருக்கும் பெயர் வைத்தவர் அவர்தான். மூத்தது, நடுவுலது, கடைக்குட்டி. ஒரே படத்தை மூன்றும் தனித்தனியாகப் பார்க்கும். இந்த மஞ்சள் சட்டைக்காரன் யார் என்றால் மூன்றும் ஆளுக்கொரு பதில் சொல்லும். மூன்றும் ஒன்றையே சொன்னால் தொல்லை இல்லை. இரண்டு ஒன்று சொல்லி ஒன்று மட்டும் வேறு சொன்னால், அந்த ஒன்றுக்குக் கோளாறு என்று பொருள். உடனே அதை ஒதுக்கி, அணைத்து, மறுபடி போட்டு, தெளிந்த பிறகு சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை மற்ற இரண்டும் வேலையைப் பார்க்கும். எது படுத்தாலும் கண்காணிப்பு ஒரு நொடி நிற்காது. காப்புரிமை வாங்கிக் கொடுத்தது இந்த ஏற்பாடுதான். பெரிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. எதிர்த்துப் பேசுகிற ஒருவரை அறைக்குள் போகச் சொல்லிவிட்டு மற்றவர்கள் சாப்பிட உட்காராத வீடு எது?

ஒதுக்கப்பட்ட மிஷின் மறுபடி எழும்போது, அதுவரை அது பார்த்ததெல்லாம் அழிந்திருக்கும். ஆனால் ஒரு வரி மிஞ்சும். முதல் மாதிரியைச் செய்த காலத்தில், எது எதற்காக முரண்டு பிடித்தது என்று தெரிந்துகொள்ளப் பெரியவள் சின்னதாக ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். ஒதுக்கப்படும் நொடியில் அந்த மிஷின் தன் கருத்தைத் தன்னிடமே ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு அதை எடுத்துவிட மறந்துபோனாள். அவள் கணவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அவள் கடைக்குட்டியைத் திறந்தாள். அந்தத் தேதிக்குப் போனாள்.

மாலை ஆறு பன்னிரண்டுக்கு ஒரு வரி இருந்தது. எண்களாக இருந்ததை மனிதப் பேச்சில் சொன்னால் இப்படி: முப்பத்தொன்றாம் கேமரா. மேடைப் படி பக்கம் போகிறவர் 388. தண்ணீர்க் குழாய் பக்கம் போகிறவர் 417.

அவள் அதை நாலு தடவை படித்தாள். அன்று முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன் என்றுதான் சின்னவன் முதல் நாளே சொன்னான். அங்கே அவனைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. இதோ, பார்த்த ஒன்று இருக்கிறது. பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் செய்யவில்லை. அவன் செய்யவே இல்லை.

சந்தோஷம் இரண்டு நிமிடம்தான் நீடித்தது. பிறகு இன்ஜினியர் புத்தி கேள்வி கேட்டது. மற்ற இரண்டும் சேர்ந்தாற்போல் தப்பாகச் சொன்னது எப்படி?

பதில் அவளுடைய கையெழுத்தில்தான் இருந்தது. புதிய நிரலை மூன்றிலும் ஒரே நாளில் ஏற்றக்கூடாது என்பது அவர்கள் விதி. வாரத்துக்கு ஒரு மிஷின். போன மாதக் கடைசியில் மூத்ததில் ஏற்றினார்கள். அந்த வாரத்தில் அது மற்ற இரண்டோடும் முப்பத்தொரு தடவை முரண்பட்டது. அந்த முப்பத்தொன்றையும் படம் போட்டுப் பார்த்து, யார் சரி என்று முடிவு செய்த பிறகுதான் அடுத்த மிஷினைத் தொட வேண்டும். பார்க்க வேண்டியவள் பெரியவள். அந்த வாரம் அவளுக்கு வெளியூரில் ஒரு கண்காட்சி. நாலே நாலைப் பார்த்தாள், நாலிலும் புதுசுதான் சரியாக இருந்தது. மீதி இருபத்தேழுக்கும் சேர்த்து 'சரிபார்த்தாயிற்று' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறினாள்.

நடுவுலதிலும் புதுசு ஏறியது. கடைக்குட்டி மட்டும் பழசாக நின்றது. பழசு, ஆளின் நடையைப் பார்த்து அடையாளம் சொல்லும். புதுசு, வேகத்துக்காக உடையை அதிகம் பார்க்கும். கிடங்கிலோ தொழிலாளி, வெளியாள் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, தூரத்துக் கேமராவில் முகமும் தெரியாது. இரண்டு மஞ்சள் சட்டைகள் பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒன்றையொன்று கடந்தபோது, புதுசு இரண்டும் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டன. ஒரே பாடத்தைப் படித்த இரண்டும் ஒரே தப்பைச் செய்தன. சரியாகச் சொன்னதைக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த இருபத்தேழைப் பார்த்திருந்தால் இந்த வாரமே வந்திருக்காது. அவள் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் 388 யார் என்று பார்க்கத் தோன்றியது. கிடங்கு வாசல் பதிவேட்டின் நகல் அவளிடமே இருந்தது. விரலை வைத்துக்கொண்டு இறங்கினாள்.

388. வெளியாள். உள்ளே வந்த நேரம் ஐந்து இருபது. காரணம், முப்பத்து மூன்றாம் கேமராவைச் சரிசெய்தல். பக்கத்தில் கையெழுத்து.

பதினெட்டு வருஷமாக ரேஷன் அட்டை முதல் காப்புரிமை விண்ணப்பம் வரை அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும் கையெழுத்து அது.

அன்று ஐந்தரைக்கே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டதாக அவர் சொல்லியிருந்தார். வெளியே போகும்போது யாரும் அட்டை காட்ட வேண்டியதில்லை என்பதால், அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. முன் அறையில் அவர் யாரிடமோ போனில், "ஆமாங்க, நல்ல மனுஷன்ங்க, பாவம்," என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பெரியவள் அந்த வரியை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்துக் கைப்பைக்குள் மடித்து வைத்தாள்.

இரண்டு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். உள் அறையை அவர் பூட்டினார். காரை அவரே ஓட்டினார். வண்டி பெரிய சாலைக்கு வந்தது.

"முந்நூத்து எண்பத்தெட்டு," என்றாள்.

"என்ன?"

"அன்னிக்கு வாசல்ல உங்களுக்குக் குடுத்த நம்பர். படிப் பக்கம் போனது அந்த நம்பர்தான்னு கடைக்குட்டி தன்கிட்ட ஒரு வரி எழுதி வச்சிருக்கு."

அவர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனார். பின்னால் யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள். ஒரு டயர் கடை முன்னால் வண்டியை ஓரம் கட்டினார்.

"நான் தள்ளலை," என்றார்.

"நான் கேக்கவே இல்லையே."

கடைக்காரன் எட்டிப் பார்த்தான். டயருக்கு ஒன்றும் இல்லை என்று அவர் கையால் சைகை காட்டினார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேடையைப் பாக்க வேண்டிய கேமரா சுவத்தைப் பாத்துத் திரும்பியிருந்துச்சு. ஏணி வைக்க இடம் பத்தலை. மேடை ஓரத்துல போட்டிருந்த சங்கிலியைக் கழட்டினேன்."

"திருப்பி மாட்டலையா?"

"மாட்டலை. கேமராவும் சரியா வரலை, இருட்டிட்டு வந்துச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இறங்கிட்டேன். அந்தாளு ரவுண்டு வந்தவரு, தினம் சாயற இடம்தானேன்னு சாய்ஞ்சிருக்காரு."

"அப்ப நீங்க எங்க?"

"படிக்குக் கீழ."

"பாத்தீங்களா?"

"சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தேன்." அவர் தொண்டையைச் செருமினார். "கை அசைஞ்சுது."

"அப்புறம்?"

"யாராவது வருவாங்கன்னு நினைச்சேன்."

வந்தார்கள், நாற்பது நிமிடம் கழித்து. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது பேப்பரிலேயே வந்தது. அதைப் படித்துவிட்டு, "என்ன மனுஷங்கடா இவங்க," என்று பெரியவள் சொன்னபோது, எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர் இவர்தான்.

"சின்னவனைப் பிடிச்சுட்டுப் போனப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு நாள்ல விட்டுருவாங்கன்னு நினைச்சேன். அவன் செய்யலைன்னுதான் எனக்குத் தெரியுமே. என்ன ஆதாரம் இருந்துடப் போகுதுன்னு..."

"ஆதாரம் நம்ம மிஷின்ங்க."

அவர் ஸ்டியரிங்கின் மேல் குனிந்து அழுதார். அவர் அழுது அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு இரக்கம் வந்தது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. சின்னவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவன் பரீட்சையில் தோற்றபோது அவள் அடிக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தியவர்.

"நானே சொல்லிடறேன்," என்றார். "மூணு மணிக்கு, உன் முன்னாடியே, நானே சொல்லிடறேன். நீ சொல்லாத. உன் வாயால வேண்டாம்."

"சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேம்மா."

வண்டி மறுபடி கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வரி வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"இல்ல. தோத்துப்போன கருத்தை யாரு காப்பி எடுப்பா? கடைக்குட்டிகிட்ட மட்டும்தான்."

வேலை சம்பந்தமாக அவர் தினம் பத்துக் கேள்வி கேட்பார், அவள் பதில் சொல்வாள். அந்தப் பழக்கத்தில் இதற்கும் சொல்லிவிட்டாள். எதற்காகக் கேட்டார் என்று அப்போது உறைக்கவில்லை.

விசாரணை அலுவலகத்தின் நடையில் சின்னவனை எதிரே கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்திருந்தார். பையன் இளைத்திருந்தான். வலது கட்டைவிரலில் மை. அக்காவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"மாமா, அக்காவப் பாத்துக்கோங்க," என்றான் அவரிடம். பிறகு இவளிடம், "காவலாளி கண்ணு முழிச்சாராக்கா?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள், "பேசக்கூடாது, நட," என்று போலீஸ்காரர் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இவனுக்கு இன்னும் சொல்லவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுக்காரர். மேசையில் கோப்புகளை விளிம்பு சேர்த்து அடுக்கி வைத்திருந்தார். இரண்டு நாற்காலி காட்டினார். பெரியவள் கணவரைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். தொடங்கட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு தானே கைப்பையிலிருந்து தாளை எடுத்து வைத்து, மூன்று மிஷின், ஒரு வரி, இருபத்தேழு படம் பார்க்காமல் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். 388 யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

அதிகாரி முழுவதும் கேட்டுவிட்டு ஒரு கோப்பைத் திறந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி லாரி கிளீனர் ஒருத்தன் திருட்டுக் கேஸ். நீங்கதான் சாட்சி. படிக்கறேன், கேளுங்க. 'இரண்டு ஒன்று சொன்னால் மூன்றாவது பழுது. இதற்கு விதிவிலக்கு இல்லை.' உங்க வார்த்தைதானே மேடம்?"

"என் வார்த்தைதான்."

"அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."

"அதையும் திரும்பப் பாக்கணும் சார்."

"அது சரி. உங்க தம்பின்னதும் விதிவிலக்கு வந்துருச்சு." அவர் குரலில் நக்கல் இல்லை, களைப்புதான் இருந்தது. "விடுங்க. இப்ப அதுக்கெல்லாம் அவசியமே இல்ல. பதினொண்ணரைக்கு அவரே ஒத்துக்கிட்டாரு."

தாளை இவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். சின்னவனுடைய கோணல் எழுத்து, அடியில் கையெழுத்தும் கட்டைவிரல் ரேகையும். 'நான்தான் மேடைக்குப் போனேன். சங்கிலியைக் கழற்றியது நான்தான். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். காவலாளி விழுந்ததைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டேன்.'

சங்கிலி. போலீஸ் அறிக்கையில் தள்ளினான் என்றுதான் இருக்கிறது, சங்கிலி என்ற பேச்சே இல்லை. பெரியவளுக்கே அது இரண்டு மணிக்குக் காருக்குள் தெரிந்த விஷயம். குழாயடியிலிருந்து பார்த்தால் அந்த மேடை நேராகத் தெரியும். மாமா ஏறியதையும், கழற்றியதையும், திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனதையும் சின்னவன் பார்த்திருக்கிறான். பெட்டி அடுக்கின் மறைவில் ஆள் கிடந்தது மட்டும் அப்போது தெரிந்திருக்காது. மாமாவைப் பற்றி ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. அக்கா வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது, காவலாளி பிழைத்துக்கொள்வார், ஆறு மாதமோ ஒரு வருஷமோ இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"கையெழுத்துப் போடறப்ப, அவர் செத்துட்டாருன்னு தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அதை நாங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல மேடம்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருக்கும், கூச்சம் இருக்கும் என்று நினைத்தாள். அங்கே இருந்தது நிம்மதி. ஐந்து நாளாக இறுகிக் கிடந்த தாடை தளர்ந்திருந்தது. பதினெட்டு வருஷம் கூட இருந்தவள், அவளுக்குத் தெரியாதா அந்த முகம்?

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்," என்று அவர் எழுந்தார்.

"இருங்க," என்றாள்.

அவர் இருக்கவில்லை. கதவு மெதுவாக மூடியது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் காத்திருந்தாள். வருவார் என்று ஐந்து நிமிடமும் நம்பினாள். அதிகாரி அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

"சார், அந்த முந்நூத்து எண்பத்தெட்டு யாருன்னு நீங்க கேக்கலையே," என்றாள்.

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

பேனா நின்றது. அவர் வெள்ளைத் தாளை நகர்த்தினார். பெரியவள் எழுதினாள். வாசல் பதிவு, சங்கிலி, அசைந்த கை, நாற்பது நிமிடம். தன் கையெழுத்தையும் விடவில்லை. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். இதை வைத்து நாளைக்கு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது என்று நடுவில் ஒருமுறை தோன்றியது. மேலே எழுதினாள். முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று.

அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"காருக்குள்ள பேசினதுக்கு சாட்சி கிடையாது, அவர் இல்லைன்னு சொல்லிடலாம். இந்த அச்சுத் தாளை யாரு வேணா அடிக்கலாம். அந்த மிஷின்லயே அந்த வரி இருக்கணும், நாங்க சீல் வைக்கணும். எங்க இருக்கு?"

"பட்டறையில."

"சாவி?"

பெரியவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே, அவர்கள் கார் நின்ற இடத்தில் வேறு யாரோ வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எதையும் ஒரே இடத்தில் வைக்காதே, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்க வேண்டும் என்று நாடு நாடாகப் போய் மேடை ஏறிச் சொன்னவள், தம்பியின் உயிரை ஒரே ஒரு வரியாக, ஒரே ஒரு மிஷினில் விட்டுவிட்டு, அது எங்கே இருக்கிறது என்பதையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

போனை எடுத்துக் கூப்பிட்டாள். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. அவருக்கு இரண்டே விரலால்தான் தட்டத் தெரியும்.

"ஏங்க," என்றாள். "அவன் கையெழுத்துப் போட்டது உங்களுக்காகத்தாங்க. அந்தாளு செத்துட்டாருன்னு அவனுக்கு இன்னும் தெரியாது."

தட்டுகிற சத்தம் நின்றது.

அவர் போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் ஜீப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அடுத்த சத்தம் என்னவாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.